மெஷின் வாங்கப் பணம் சேர்க்கும் ஊர்களுக்கு

கடலோர டெல்டாவின் இளைஞர் மன்றங்களுக்கும், ஊராட்சி மன்றங்களுக்கும், மரம் அறுக்கும் தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்



2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போன பக்கமெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. புளியும் வேம்பும் தூங்குமூஞ்சியும் சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தன. மரத்தை எடுக்காமல் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. தண்ணீர் லாரி வர முடியவில்லை. புது மின்கம்பம் ஏற்றிய வண்டியும் வர முடியவில்லை. கோடாரியும் அரிவாளுமாக நம் ஆட்களே பல ஊர்களில் வழி திறந்தார்கள். ஊருக்கென்று ஒரு மரம் அறுக்கும் மெஷின் வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் பலருக்கும் வந்தது.

அந்த எண்ணம் சரியானது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மன்றத்திலும் ஊர்க் கூட்டத்திலும் பணம் சேர்த்து மெஷின் வாங்கும் ஊர்களை மனமார வாழ்த்துகிறேன். மெஷின் பழுது பார்க்கும் பட்டறையில் நிற்பவன் என்ற முறையில், கடைக்குப் போகும் முன் நீங்கள் யோசிக்க வேண்டியதைச் சொல்லவே இந்த மடல்.

வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிசி?" அடுத்தது, செயின் சுற்றி ஓடும் தகட்டைக் காட்டி, "பார் எத்தனை இஞ்ச்?" இந்த இரண்டிலும் பெரிய எண் எதில் இருக்கிறதோ அதைக் கையிருப்பு மொத்தத்தையும் கொட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள். தலைக்கவசம் வாங்கக் காசு மிஞ்சுவதில்லை. மாற்றுச் செயின் கிடையாது, அரம் கிடையாது. புயல் அடித்த மறுநாள், லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஒரு பையன் வெறுங்காலோடு அந்தப் பெரிய மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சேர்ந்த பணத்தில் பாதியை மட்டும் மெஷினுக்கு ஒதுக்குங்கள். மறுபாதியை, அதைப் பிடிக்கிறவரின் உடம்புக்கும் செயினுக்கும் பராமரிப்புக்கும் வையுங்கள். அப்படி வாங்கினால் மெஷின் நீங்கள் நினைத்ததைவிடச் சிறிதாகத்தான் இருக்கும். நம் ஊர் வேலைக்கு அது போதும். ஏன் போதும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊரில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். தென்னை மிகுந்த ஊரா? நன்கு விளைந்த தென்னையின் தண்டு பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் குறுக்களவுதான். 45 சிசி அளவுள்ள மெஷினும் 16 அல்லது 18 இஞ்ச் பாரும் அதற்குத் தாராளம். சவுக்குத் தோப்பு மட்டும் என்றால் அதுவும் வேண்டாம்; நான்கைந்து வருடத்தில் வெட்டுகிற சவுக்குக்கு 35 சிசிக்குள் உள்ள இலகுவான மெஷினும் 14 இஞ்ச் பாரும் போதும், நாள் முழுக்கப் பிடித்தாலும் கை ஓயாது. சாலையோரம் பழைய புளியும் தூங்குமூஞ்சியும் இருக்கும் ஊருக்குத்தான் 55 முதல் 60 சிசி, 20 இஞ்ச் பார் தேவைப்படும். அப்போதும் 18 இஞ்ச் பாரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்தால், பாரின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பருமனுள்ள மரத்தைத் துண்டாக்கலாம். பார் நீள நீள முனை உங்கள் கண்ணுக்கு மறைவாகப் போகும். அந்த முனையில்தான் ஆபத்து இருக்கிறது.

சிசி என்பது எஞ்சினின் கொள்ளளவு. எஞ்சின் எவ்வளவு வலு தருகிறது என்பதை அது சொல்லாது. ஒரே சிசி உள்ள இரண்டு மெஷின்களில் ஒன்று நன்றாக இழுக்கும், மற்றது பாதி மரத்திலேயே திணறும். கடைக்காரரிடம் கிலோவாட் எவ்வளவு, பாரும் செயினும் இல்லாமல் எடை எவ்வளவு என்று கேளுங்கள். எடை முக்கியம். காலையில் ஐந்து கிலோவாகத் தெரிகிற மெஷின் மதியத்துக்கு மேல் பத்து கிலோவாகத் தெரியும். களைத்த கை மெஷினைத் தாழ்த்தும், முனை மண்ணைத் தொடும், பிடி தளரும். விபத்து பெரும்பாலும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறது.

பேட்டரி மெஷின் வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறீர்கள். சத்தம் குறைவு, புகை இல்லை, கயிறு இழுக்கத் தேவையில்லை. வீட்டுத் தோட்டத்தில் கிளை கழிக்க நல்லது. ஆனால் கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை மறக்காதீர்கள். புயலுக்கென்று வாங்குகிற முதல் மெஷின் பெட்ரோலில் ஓடுவதாக இருக்கட்டும். ஒரு கையால் பிடிக்கலாம் என்று இணையத்தில் விற்கிற குட்டி மெஷின்களையும், மேல்பக்கம் கைப்பிடி வைத்த மெஷின்களையும் ஊர்ப் பொதுவுக்கு வாங்க வேண்டாம். மேல் கைப்பிடி மெஷின் கயிறு கட்டி மரமேறப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. தரையில் நின்று அறுக்கிறவர் அதைப் பிடித்தால், பார் முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

கடையிலேயே நீங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்னே தள்ளினால் செயின் பிரேக் விழ வேண்டும், பின்னே இழுத்தால் விடுபட வேண்டும். 1970களின் தொடக்கத்திலேயே ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் இந்த பிரேக்கைக் கொண்டுவந்துவிட்டன. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது இல்லாத மெஷினையோ, உடைந்துபோனதைக் கம்பியால் கட்டி வைத்த பழைய மெஷினையோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆக்ஸிலேட்டருக்கு மேலே உள்ள பூட்டு, உள்ளங்கை அழுத்தினால்தான் விடுபட வேண்டும். செயின் அறுந்தால் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி அடிப்பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஸ்பிரிங் அல்லது ரப்பர் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் அதிர்வு வாங்கிய விரல்கள் மரத்து, வெளுத்து, பொத்தான் போடக்கூட முடியாமல் போகும். ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சின் ஓடலாம், செயின் ஓடக்கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி: இந்த மெஷினுக்கு கார்புரேட்டர் கிட், கிளட்ச், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ கிடைக்கும் என்றால் வாங்குங்கள். "ஆர்டர் போட்டால் வரும்" என்ற பதிலை நம்பிப் புயலுக்கு மெஷின் வாங்காதீர்கள்.

இப்போது செயின். எத்தனை பெரிய எஞ்சினாக இருந்தாலும் மரத்தை அறுப்பது செயினின் பல்தான். மழுங்கிய செயினோடு 60 சிசி மெஷின் திணறும் இடத்தில், தீட்டிய செயினோடு 45 சிசி மெஷின் வழுக்கிக்கொண்டு போகும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு மாதிரித் தூளாக விழுந்தாலோ, மெஷினை நீங்கள் அழுத்த வேண்டியிருந்தாலோ, உடனே நிறுத்தித் தீட்டுங்கள்.

மாற்றுச் செயின் குறைந்தது இரண்டு வாங்குங்கள். வாங்கும்போது மூன்று விவரம் பொருந்த வேண்டும்: பிட்ச் என்னும் கண்ணி இடைவெளி, பாரின் காடியில் ஓடும் கண்ணியின் தடிமன், அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் பாரிலேயே பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். பல்லின் வடிவத்திலும் கவனம் வேண்டும். மூலை கூர்மையாக இருக்கும் பல் சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும், ஆனால் மண்ணும் மணலும் பட்டால் சீக்கிரம் போய்விடும். மூலை சற்றே உருண்ட பல் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் கூர் நிற்கும். கடற்கரை மணலில் விழுந்து கிடக்கும் தென்னைக்கும், தரையோடு தரையாகத் தூர் விட்டிருக்கும் சீமைக் கருவேலத்துக்கும் உருண்ட மூலைப் பல்தான் ஏற்றது.

அரமும் செயினுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். 0.325 இஞ்ச் பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த பல் 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில், பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தைத் தள்ள வேண்டும். ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டால் அறுப்பு வளைந்துகொண்டு போகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேட்டையும் அவ்வப்போது அளவுத் தகடு வைத்துப் பார்த்து இறக்க வேண்டும். அளவு பாராமல் அதிகமாக இறக்கினால் மெஷின் மரத்தைக் கடித்து எகிறும். இதை உங்கள் ஊரில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பகல் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

பாதுகாப்பு உடுப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் என்னோடு பலர் ஒத்துவருவதில்லை. "நம்ம வெயிலுக்கு அதெல்லாம் ஆகாது" என்பார்கள். வெயில் கொடியது என்பது எனக்கும் தெரியும். முழுக் காப்புக் கால்சட்டை வேண்டாம் என்றால், பேன்ட்டுக்கு மேல் முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் தொடைக்காப்பு கிடைக்கிறது. அறுக்கும்போது கட்டிக்கொண்டு, ஓய்வில் அவிழ்த்துவிடலாம். அதற்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. செயின் துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். உறையின் மேல் வகுப்பு எண் இருக்கும்: முதல் வகுப்பு வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினுக்கும், இரண்டாம் வகுப்பு 24 மீட்டருக்கும் சோதிக்கப்பட்டது. ஒருமுறை வெட்டு வாங்கியதைத் தைத்து மறுபடியும் கட்டக்கூடாது. லுங்கியும் வேட்டியும் தோளில் தொங்கும் துண்டும் மெஷின் ஓடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

முகத்துக்கு வலைத்திரையும் காதுக்கு மூடியும் சேர்ந்த தலைக்கவசம் ஒன்றாகவே கிடைக்கிறது. மெஷினின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். காதுமூடி இல்லாமல் அதோடு தொழில் செய்தவர்களின் செவி வயதுக்கு முன்பே மந்தமாகிவிடுகிறது. கால்விரல்களுக்கு இரும்பு வைத்த பூட்ஸ், வழுக்காத கையுறை, வெட்டுக் காயத்தை அழுத்திக் கட்டப் பெரிய பஞ்சு, அகலமான கட்டுத்துணி. இவை எல்லாம் மெஷின் இருக்கும் அதே பெட்டியில் இருக்கட்டும். உடுப்பு இல்லாமல் மெஷின் பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது என்று ஊர் முடிவாகவே எழுதி வையுங்கள். மரத்தில் சிக்கிய பாரை விடுவிக்க ஆப்பு வேண்டும். பிளாஸ்டிக்கோ மரமோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம், செயினில் பட்டால் பல் தெறிக்கும். நல்ல கயிறு, கப்பி, கடப்பாரை, கைரம்பம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பருமன் கிளைக்குக் கைரம்பமே போதும்.

ஊர்ப் பொதுவில் வாங்கிய மெஷின் பெரும்பாலும் ஓடிக் கெடுவதில்லை, சும்மா கிடந்து கெடுகிறது. டிசம்பரில் பெட்ரோலோடு மூலையில் வைத்ததை அடுத்த நவம்பரில் எடுத்து இழுத்தால் எப்படி ஸ்டார்ட் ஆகும்? இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, ஏர் ஃபில்டரைத் துடைத்து, பாரின் காடியைச் சுரண்டி, செயினை எண்ணெயில் நனைத்து வையுங்கள். கலவை விஷயத்தில் கையேடு சொல்வதை மட்டும் கேளுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துவிடும். செயின் ஆயில் டேங்கில் வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள இரும்புத் தூள் பம்பையும் பாரையும் தின்கிறது, அறுக்கிறவரின் கையிலும் மூச்சிலும் கலக்கிறது, கடைசியில் நம் தோட்டத்து மண்ணில் இறங்குகிறது. செப்டம்பரில் ஒரு நாள் மெஷினை வெளியே எடுத்து, புதிதாகக் கலந்த பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் அப்போதே தெரியட்டும்.

தொழிலாளித் தம்பிகளே, இனி உங்களோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். பாரின் முனையில் மேல்பாதி எதிலாவது பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் முன் எகிறி உங்கள் முகத்துக்கும் தோளுக்கும் வரும். சுதாரித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், மனிதக் கைக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். நீங்கள் பாரின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். தோளுக்கு மேல் மெஷினைத் தூக்காதீர்கள். ஏணியில் நின்று அறுக்காதீர்கள். ஓரிரு அடிக்கு மேல் நகர்ந்தால் பிரேக்கைப் போடுங்கள்.

நிற்கும் மரத்தை வெட்டிப் பழகியவர்களுக்குக்கூடப் புயலில் விழுந்த மரம் வேறு கணக்கு. அது வளைந்தும் முறுக்கியும் கிடக்கும். இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கும் மரத்தில் மேல்பக்கம் நெருக்கமும் கீழ்ப்பக்கம் இழுவையும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் முறை தலைகீழாகும்: முதலில் கீழே, பிறகு மேலே. வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு எழுந்து பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். அந்தப் பள்ளத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அறுக்கும் முன் ஒருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். தென்னை தரையில் ஒட்டிக் கிடந்தால் முக்கால்வாசி அறுத்து, கடப்பாரையால் புரட்டி, மறுபக்கம் முடியுங்கள்; செயின் மணலைத் தொடாமல் பிழைக்கும். தென்னை நார் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், எஞ்சினை அணைத்துவிட்டு அடிக்கடி எடுத்துவிடுங்கள். மின்கம்பி தொட்டுக் கிடக்கும் மரத்தை, மின்வாரிய ஊழியர் நேரில் வந்து லைன் நிறுத்தியாயிற்று என்று சொல்லும்வரை யார் அவசரப்படுத்தினாலும் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் வழியாகவும் அந்தக் கம்பியில் மின்சாரம் வரலாம்.

மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காக நிற்கும் மரத்தை எல்லாம் வெட்டும் பழக்கமும் வந்துவிடக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அத்தனை தென்னை விழுந்த கஜாவில் பெரும்பாலான பனைகள் நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். சாலையோர மரமும் ஏரிக்கரை மரமும் பொதுச்சொத்து. உரிய அனுமதி இல்லாமல் அவற்றின் மேல் ஊர் மெஷின் படக்கூடாது.

ஊராட்சித் தலைவர்களே, மன்றத்துத் தம்பிகளே, "ஊருக்கு ஒரு மெஷின் வாங்குவது" என்று தீர்மானம் எழுதும்போது அதன் கீழேயே இன்னும் நான்கு வரி எழுதுங்கள். மெஷினைப் பிடிக்கப் பயிற்சி பெறும் மூவர் யார்; அவர்களின் உடுப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது; செயின் தீட்டுவதும் செப்டம்பரில் ஓட்டிப் பார்ப்பதும் யார் பொறுப்பு; அவர்களில் ஒருவருக்குக் காயம் பட்டால் மருத்துவச் செலவை ஊர் எப்படி ஏற்கும். கூலிக்கு அறுக்க வருகிறவரிடம் வேலை கொடுக்கிற வீட்டுக்காரர்களும் "ஒரு மரத்துக்கு என்ன ரேட்?" என்று கேட்பதற்கு முன், தொடைக்காப்பும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதற்கான காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். உடுப்பு இல்லாமல் அறுப்பதால் குறைகிற ரேட்டை அந்தத் தொழிலாளி தன் காலால் ஈடுகட்டுகிறார்.

அந்த நான்கு வரிக்கும் பதில் இருக்கும் ஊர் 45 சிசி மெஷினோடு எந்தப் புயலுக்கும் தயாராக இருக்கும். பதில் இல்லாத ஊர், எத்தனை சிசி வாங்கினாலும், இந்த வருடம் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, முதலில் மூன்று பேரைப் பயிற்சிக்கு அனுப்பட்டும். செயின் தீட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் யாரும், மெஷின் எங்கே வாங்கியிருந்தாலும், என் பட்டறைக்கு வரலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
பட்டுக்கோட்டை வட்டாரத்துப் பட்டறைக்காரன்